மருந்தோடு சேர்ந்து உள்ளே போவது என்ன? மருத்துவ பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ரசாயனங்கள்: வீட்டாருக்கும் நர்ஸ்களுக்கும் முழுமையான வழிகாட்டி

பாக்கெட்டைப் பிரித்து எடுக்கும்போது ரைல்ஸ் டியூப் விரலில் சுற்றிக்கொள்ளும். அவ்வளவு மிருது. அதே டியூப் மூக்கு வழியாக வயிற்றுக்குள் போய், ஒரு வாரம் பத்து நாள் கிடந்து வெளியே வந்ததும் தொட்டுப் பாருங்கள். வயிற்றுக்குள் இருந்த பகுதி தென்னை ஈர்க்கு மாதிரி விறைத்திருக்கும். மூக்குக்கு வெளியே தொங்கிய பகுதி பழையபடி வளையும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதைப் பார்த்துவிட்டு சீனியர் சிஸ்டரிடம் கேட்டேன். "வயித்துக்குள்ள கிடந்தா அப்படித்தான்மா ஆகும், மாத்திடு" என்றார். மாற்றினேன். அந்த மிருதுத்தன்மை எங்கே போனது என்று கேட்கத் தோன்றவே எனக்குச் சில வருடம் ஆனது.

அது கரைந்து நோயாளியின் வயிற்றுக்குள் போயிருந்தது.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். படித்ததையும் வார்டில் செய்து பார்த்ததையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் டிரிப்ஸையோ ரத்தத்தையோ டயாலிசிஸையோ வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 2002-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இந்த விஷயத்தில் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியபோதே, ரசாயனத்துக்குப் பயந்து தேவையான சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது என்று சேர்த்தே எழுதியது. சிகிச்சை நடக்கட்டும். எந்த இடத்தில் எந்த டியூபை மாற்றிக் கேட்கலாம் என்பதுதான் நம் பேச்சு.

படி 1: கசிவது எது, ஏன் கசிகிறது?

வீட்டில் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயை வளைத்துப் பாருங்கள், வளையாது. குளுக்கோஸ் பையும் ரத்தப் பையும் ஐ.வி. செட்டும் பெரும்பாலும் அதே பி.வி.சி.தான். அவை மட்டும் எப்படித் துணி மாதிரி மடிகின்றன? பிளாஸ்டிசைசர் என்கிற இளக்கும் பொருளைக் கலந்திருக்கிறார்கள். மருத்துவ உபகரணங்களில் நீண்ட காலமாகக் கலந்து வருவது டி.இ.எச்.பி. (DEHP), தாலேட் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. எண்ணெய் மாதிரியான, நிறமில்லாத திரவம். ஒரு பையின் எடையில் 30, 40 சதவீதம்கூட இதுவாக இருக்கும். டியூப்களில் இன்னும் அதிகமாகவும் இருப்பது உண்டு.

இவ்வளவு கலந்தும் அது பி.வி.சி.யோடு ரசாயனப் பிணைப்பு எதுவும் போட்டுக்கொள்வதில்லை. பஞ்சில் எண்ணெய் ஊறியிருப்பது மாதிரி இடுக்குகளில் உட்கார்ந்திருக்கிறது. தன்னோடு ஒத்துப்போகிற திரவம் பக்கத்தில் வந்தால் அதற்குள் போய்விடும்.

ஒத்துப்போகிற திரவம் எது என்று தெரிந்துகொள்ள சமையலறைக்குப் போனால் போதும். எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகாது. டி.இ.எச்.பி.யும் அப்படித்தான். உப்புநீரான சலைனும் சர்க்கரை நீரான டெக்ஸ்ட்ரோஸும் அதை அசைப்பதே இல்லை என்று சொல்லலாம். கொழுப்பு உள்ள திரவத்துக்கு அது சுலபமாகப் போகும்: ரத்தம், பிளாஸ்மா, தாய்ப்பால், நரம்பு வழி கொடுக்கும் லிப்பிட். சட்டியில் சோப்பு போட்டால் என்ன நடக்கும்? பிசுக்கு கழன்று வரும். சில மருந்துகளைத் தண்ணீரில் கரைய வைப்பதற்காகச் சோப்பு போலவே வேலை செய்யும் பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவையும் டி.இ.எச்.பி.யைக் கழற்றிவிடும்.

ரத்தம் ஒரு காலத்தில் கண்ணாடி பாட்டிலில்தான் இருந்தது. விழுந்தால் உடையும், உள்ளே காற்றுக் குமிழி வரும், கழுவித் திரும்பப் பயன்படுத்தினால் தொற்று. 1950 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டனில் கார்ல் வால்டரும் வில்லியம் மர்ஃபியும் பிளாஸ்டிக் ரத்தப் பையை உருவாக்கினார்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது. அந்தப் பையிலிருந்து பிளாஸ்டிசைசர் ரத்தத்துக்குள் இறங்குகிறது என்பதை 1970-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேகரும் ரூபினும் எழுதினார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடல் திசுக்களிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆக, விஷயம் தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

படி 2: உங்கள் நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எடை போடுங்கள்

நான்கு கேள்வி கேட்டால் போதும். உள்ளே போகும் திரவத்தில் கொழுப்போ சோப்புத்தன்மையோ இருக்கிறதா? சூடாக இருக்கிறதா? எவ்வளவு நேரம் பிளாஸ்டிக்கில் நிற்கிறது? போய்ச் சேரும் உடம்பு எவ்வளவு சின்னது?

2001-ல் எஃப்.டி.ஏ. வெளியிட்ட மதிப்பீட்டு எண்களைப் பார்த்தால் இந்தக் கேள்விகளின் கனம் புரியும். நரம்பு வழியாக ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் டி.இ.எச்.பி. வரை தாங்கலாம் என்று அவர்கள் ஒரு கோடு போட்டார்கள். பெரியவர் ஒருவருக்குச் சலைன் ஏற்றினால் வருவது 0.005. கோட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பிறந்த குழந்தைக்கு அதே மாதிரி டிரிப்ஸ் போட்டால் 0.03. அதுவும் கோட்டில் இருபதில் ஒரு பங்குதான். அதே குழந்தைக்கு லிப்பிட் கலந்த முழு ஊட்டச்சத்தை பி.வி.சி. பையில் வைத்து ஏற்றினால் 2.5 ஆகிறது. கோட்டைப்போல நாலு மடங்கு. கடுமையான மஞ்சள் காமாலைக்காகக் குழந்தையின் ரத்தத்தை மாற்றி ஏற்றும்போது 22.6 வரை போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தம் மாற்றுவது தினமும் நடப்பதில்லை. அந்த நேரத்தில் அது குழந்தையின் மூளையைக் காப்பாற்றுகிற சிகிச்சையும்கூட. ஆனால் சலைனுக்கும் லிப்பிட்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பாருங்கள். காய்ச்சலுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டுக்கொண்டு வந்தவர் இதை நினைத்துத் தூக்கம் கெடுக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இந்த எண்களை வைத்துத்தான்.

படி 3: யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

எஃப்.டி.ஏ. 2002-ல் குறிப்பாகச் சொன்னது மூன்று பேரை: பிறந்த ஆண் குழந்தைகள், ஆண் சிசுவைச் சுமக்கும் கர்ப்பிணிகள், வயதுக்கு வரும் பருவத்து ஆண் பிள்ளைகள். நம் நாட்டில் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம், அதனால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் ஆண் குழந்தை? டி.இ.எச்.பி. உடம்பில் எம்.இ.எச்.பி. என்று உடைகிறது. வளரும் நிலையில் இருக்கும் எலிகளுக்குக் கொடுத்தபோது அது விரையைப் பாதித்தது, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைத்தது. மனிதர்களில் இப்படித்தான் நடக்கிறது என்று நேரடியாக நிரூபணமாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதை இனப்பெருக்கத்துக்கு நஞ்சாகும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில் சேர்த்திருக்கிறது.

மனிதக் குழந்தைகளின் உடம்புக்குள் இது போய்ச் சேர்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. பாஸ்டனில் தீவிர சிகிச்சையில் இருந்த 54 குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்து 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. டி.இ.எச்.பி. உள்ள டியூப்களும் பைகளும் அதிகம் பயன்பட்ட குழந்தைகளின் சிறுநீரில், குறைவாகப் பயன்பட்ட குழந்தைகளுக்கு இருந்ததைவிட எம்.இ.எச்.பி. சுமார் ஐந்து மடங்கு. பெல்ஜியத்தின் லூவென் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்ட நானூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை நாலு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். சிகிச்சைக் காலத்தில் ரத்தத்தில் இந்தத் தாலேட்டின் சிதைபொருள்கள் அதிகம் இருந்த பிள்ளைகளுக்குக் கவனக் குறைபாடும் அதிகமாக இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்பது வரைக்கும்தான் இதை வைத்துச் சொல்லலாம். எனக்கு அதுவே போதும். எங்கள் வார்டில் 900 கிராம் எடையில் ஒரு குழந்தை படுத்திருக்கும். அதன் உடம்பில் ஒரே நேரத்தில் நாலைந்து டியூப் ஓடும். எதை மாற்ற முடியுமோ அதை மாற்றிக் கொடுக்க எனக்கு வேறு காரணம் வேண்டாம்.

படி 4: பாக்கெட்டைப் படியுங்கள்

இதுதான் எல்லாரும் தவறவிடுகிற இடம். நம் ஊர் ஐ.வி. செட் பாக்கெட்டில் ஸ்டெரைல், நான்-டாக்ஸிக், பைரோஜன் ஃப்ரீ என்று பளிச்சென்று அச்சடித்திருப்பார்கள். இந்த மூன்றுக்கும் டி.இ.எச்.பி.க்கும் சம்பந்தம் இல்லை. லேட்டெக்ஸ் ஃப்ரீ என்பது ரப்பர் ஒவ்வாமைக்கானது, அதுவும் வேறு விஷயம்.

நீங்கள் தேட வேண்டியது டி.இ.எச்.பி. ஃப்ரீ அல்லது பி.வி.சி. ஃப்ரீ. இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் பி.வி.சி. இருக்கும், இளக்கும் பொருள் மட்டும் வேறு. இரண்டாவதில் பிளாஸ்டிக்கே வேறு. ஐரோப்பாவுக்கும் போகிற பொருள்களில் ஒரு குறி இருக்கும்: PHT என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், அதன் கீழே தாலேட்டின் பெயர். இருந்தால் தாலேட் உண்டு என்று அர்த்தம். அதே குறியின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தால் இல்லை என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய மருத்துவ உபகரணச் சட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட பொருள் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் சேர்த்தோம் என்று காரணம் காட்ட வேண்டும், லேபிளிலும் எழுத வேண்டும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, கவனியுங்கள். தொழிற்சாலைக்காரர்கள் டி.இ.எச்.பி.யை டி.ஓ.பி. (DOP) என்றும் சொல்வார்கள். டி.ஓ.டி.பி. (DOTP) என்பது அதன் மாற்றுப் பொருள். நடுவே ஒரு எழுத்துதான் வித்தியாசம், பொருளோ வேறு. விற்பனைப் பிரதிநிதி வேகமாகச் சொல்லிக்கொண்டு போனால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பாக்கெட்டில் ஒன்றும் எழுதவில்லையா? பெரிய அட்டைப்பெட்டியின் லேபிளைப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால், மென்மையான பி.வி.சி. ஆக இருந்தால், டி.இ.எச்.பி. இருப்பதாகவே எடுத்துக்கொள்வது என் வழக்கம். கண்ணால் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு சின்ன சோதனை மட்டும் செய்யலாம். பயன்படுத்தாத டியூபில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது பி.வி.சி. இல்லை. பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் மிதக்கும். மூழ்கினால் எதுவும் தீர்மானமாகாது, சிலிக்கோனும் மூழ்கத்தான் செய்யும்.

படி 5: பச்சிளங்குழந்தை வார்டில் என்ன கேட்பது?

முதலில் லிப்பிட். பால் மாதிரி வெள்ளையாக சிரிஞ்ச் பம்ப்பில் ஓடிக்கொண்டிருக்குமே, அது. டியூபுக்குள் மணிக்கணக்கில் மெதுவாக நகரும், பக்கத்திலேயே இன்குபேட்டரின் சூடும் இருக்கும். கொழுப்பு, சூடு, நேரம், சின்ன உடம்பு நான்கும் சேரும் இடம் இதுதான். சிரிஞ்ச் பொதுவாகப் பாலிப்ரோப்பிலீன், அதில் சிக்கல் இல்லை. சிரிஞ்சையும் குழந்தையையும் இணைக்கிற எக்ஸ்டென்ஷன் லைன்தான் சிக்கல். அது பாலிஎத்திலீனிலோ, உள்பக்கம் பாலிஎத்திலீன் பூசியோ கிடைக்கிறது. ஊட்டச்சத்தைப் பையில் கலந்து ஏற்றினால் ஈ.வி.ஏ. என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த பை கேளுங்கள். ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற முடியும் என்றால் இந்த லைனை மாற்றுங்கள். டியூப் இன்குபேட்டரின் சூடான சுவரை ஒட்டிச் சுருண்டு கிடக்காமல் தூக்கி வைப்பதற்குக் காசே வேண்டாம்.

அடுத்தது பால் கொடுக்கும் டியூப். பாலியூரேத்தேனிலும் சிலிக்கோனிலும் குழந்தைக்கான அளவுகளில் வருகிறது. பி.வி.சி.தான் இருக்கிறது என்றால் டி.இ.எச்.பி. ஃப்ரீ வாங்கச் சொல்லுங்கள், மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு முறை ஒரு குழந்தையின் அம்மா இதையெல்லாம் எங்கோ படித்துவிட்டு வந்து, "சிஸ்டர், என் பால்ல கொழுப்பு இருக்கே, அதுதானே பிளாஸ்டிக்கைக் கரைக்குது? பவுடர் பாலே குடுத்துடவா?" என்று கேட்டாள். முகம் வாடியிருந்தது. பால் பவுடரிலும் கொழுப்பு உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் தருகிற பாதுகாப்பை வேறு எதுவும் தராது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாலைக் குடும்மா, டியூபை நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். இதைப் படிக்கும் எல்லா அம்மாக்களுக்கும் அதையே சொல்கிறேன்.

படி 6: ரத்தப் பையைப் பற்றிப் பயப்படும் முன்

ரத்தப் பையில் மட்டும் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. டி.இ.எச்.பி. ரத்தத்துக்குள் இறங்குகிறது, உண்மை. நாள் ஆக ஆக அதிகம் இறங்குகிறது. ஆனால் இறங்கியது சிவப்பணுக்களின் சவ்வில் போய் ஒட்டிக்கொண்டு, அவை உடையாமல் காக்கிறது. சேமிப்புக் கரைசலோடு சேர்த்து வைத்த சிவப்பணுக்களை 42 நாள் வரை வைத்திருக்க முடிவதில் இதற்கும் பங்கு உண்டு. வெறுமனே இதை எடுத்துவிட்டால் சிவப்பணுக்கள் அதிகம் உடையும், உடைந்த அணுக்களை ஏற்றுவதும் கேடு. அதனால்தான் மாற்றுப் பொருள் தேடுவது இங்கே இவ்வளவு மெதுவாக நடக்கிறது. பி.டி.எச்.சி. என்ற சிட்ரேட் வகையும் டி.ஐ.என்.சி.எச்.சும் மாற்றாக வந்திருக்கின்றன. பிளேட்லெட் கதை வேறு. அறை வெப்பத்தில், அசைத்துக்கொண்டே, காற்றோட்டத்தோடு வைக்க வேண்டியது என்பதால் அதற்கு டி.இ.எச்.பி. இல்லாத பைகளே அதிகம் புழங்குகின்றன.

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் இதில் உண்டு. இந்தியாவில் ரத்தப் பையை இங்கேயே செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். அரசு வகுத்த 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் ரத்தப் பைகளையும் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. பி.வி.சி.யை எரித்தால் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் வரும் என்பது காரணம். 2018-ல் திருத்தம் வந்தபோது ரத்தப் பைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். தகுந்த மாற்று கைவசம் இல்லாத பொருளை நிறுத்த முடியாது, எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது? பிறந்த குழந்தைக்கு ரத்தம் மாற்ற வேண்டி வந்தால் முடிந்தவரை புதிய ரத்தம் கேளுங்கள். பழைய ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கும் என்பதால் டாக்டர்களே அதைத்தான் கேட்பார்கள், இந்தக் கணக்கிலும் அதுவே நல்லது. பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு யூனிட் ஏற்றும்போது இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

படி 7: சில மருந்துகளுக்குத் தனி செட்

புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்ளிடாக்செல் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். முன்னால் சொன்ன சோப்பு உதாரணம் இதற்கு அப்படியே பொருந்தும். மருந்தின் குறிப்புத் தாளிலேயே எழுதியிருக்கும்: கண்ணாடி, பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஓலெஃபின் பாட்டிலில் கலக்கவும், பாலிஎத்திலீன் உட்பூச்சுள்ள செட்டில், ஃபில்டர் வழியாக ஏற்றவும். டோசிடாக்செல், சைக்ளோஸ்போரின் ஊசி, டாக்ரோலிமஸ் ஊசி ஆகியவற்றுக்கும் இதே ஜாக்கிரதை தேவை. கீமோவுக்கு உட்காரும் முன், "சிஸ்டர், இந்த மருந்துக்கு பி.வி.சி. இல்லாத செட் தானே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு வந்திருப்பது வேறு கரைப்பானில் செய்த பாக்ளிடாக்செல் வகையாகவும் இருக்கலாம், அப்போது தேவை மாறும். அதையும் அவர்களே சொல்வார்கள்.

நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்ப்பக்கப் பயணமும் உண்டு. நைட்ரோகிளிசரினை பி.வி.சி. டியூப் உறிஞ்சிக்கொள்ளும். கொடுத்த அளவில் பெரும் பங்கு நோயாளிக்குப் போகாமல் டியூபிலேயே நின்றுவிடலாம். இன்சுலினும் டியூபின் சுவரில் ஒட்டும். பிரஷர் இறங்காவிட்டால் டோஸைக் கூட்டும் முன் செட் எது என்று பாருங்கள்.

படி 8: டயாலிசிஸும் இதய அறுவை சிகிச்சையும்

டயாலிசிஸ் டியூப்களில் டி.ஓ.டி.எம். (TOTM) என்ற மாற்றுப் பொருள் சேர்த்தவை கிடைக்கின்றன. அது டி.இ.எச்.பி.யைவிடக் குறைவாகக் கசியும். வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் செய்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம். வளரும் பையன்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் கேட்க வேண்டும்.

கசிவது பிளாஸ்டிசைசர் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்ட்டின் ஷூகாஸ் என்றொரு உயிர்மருத்துவப் பொறியியல் பேராசிரியர். அவருக்கே பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு வாய்ருசி கெட்டு, ஆசை ஆசையாய்ச் சாப்பிட்டு வந்த சாக்லேட் கரி மாதிரி ஆகிவிட்டது. இருதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் ரத்தத்தை ஓட்டியவர்களுக்கு இப்படி வருவது அவருக்குத் தெரியும். காரணம் டியூபில் இருக்குமோ என்று தேடினார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், ஐ.வி. பைகளிலிருந்தும் பைபாஸ் இயந்திரத்தின் டியூப் சுற்றிலிருந்தும் எடுத்த திரவத்தில் சைக்ளோஹெக்சனோன் இருந்தது. பிளாஸ்டிக் உபகரணங்களை ஒட்டுவதற்குப் பயன்படும் கரைப்பான் அது. அதை எலிகளுக்குச் செலுத்தியபோது இதயம் சுருங்கும் வலு குறைந்தது, உடம்பில் நீர் கோத்தது. எலியில் கண்டது எலியில் கண்டதுதான். ஆனால் தன் நாக்கு சொன்னதை அலட்சியம் செய்யாமல் ஆய்வுக்கூடம் வரை கொண்டுபோன அந்த மனிதரை நான் மதிக்கிறேன்.

இதில் நோயாளியின் வீட்டார் செய்ய அதிகம் இல்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன்கள் செய்ய ஒன்று இருக்கிறது. புது டயாலைசரைச் சலைன் விட்டு அலசும் வேலையை அவசரத்தில் குறைக்காதீர்கள். கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தியிருந்தால் அதன் மிச்சம் அதில்தான் வெளியேறுகிறது.

படி 9: வீட்டில் ரைல்ஸ் டியூபோடு ஒருவர் இருந்தால்

பக்கவாதம் வந்த அப்பாவோ படுக்கையில் இருக்கும் பாட்டியோ, இன்று எத்தனையோ வீடுகளில் டியூப் வழியாகத்தான் சாப்பாடு.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே டியூப் எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டு, போட்ட தேதியோடு எழுதி வாங்குங்கள். பி.வி.சி. டியூபுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பாலியூரேத்தேனும் சிலிக்கோனும் நாலு வாரம் வரை, சில அதற்கு மேலும் தாங்கும். டியூபின் பாக்கெட்டில் போட்டிருக்கும் கெடுவே கடைசிச் சொல். மாதக்கணக்கில் டியூப் தேவைப்படும் என்று தெரிந்தால் பி.வி.சி. வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு டியூபின் விலை அதிகம்தான். அடிக்கடி மாற்றுவது குறைவதால் மொத்தச் செலவில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது, மூக்கும் தொண்டையும் புண்ணாகாது. விறைத்துப்போன டியூப் உள்ளே உரசுவதை நோயாளி சொல்லக்கூட முடியாத நிலையில் இருப்பார்.

கஞ்சியோ பாலோ சூடாக ஊற்றாதீர்கள். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடே தெரியக்கூடாது, அந்தப் பதம் போதும். கஞ்சியில் சேர்க்கச் சொன்ன எண்ணெயை டி.இ.எச்.பி.க்குப் பயந்து நிறுத்தக் கூடாது, அந்தக் கலோரி அவருக்கு வேண்டும். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் தண்ணீர் விட்டு அலசுங்கள், கொழுப்பு டியூபில் தேங்காது. வாங்கி வைத்த புது டியூப்களையும் ஐ.வி. செட்களையும் வெயில் விழும் ஜன்னலோரத்திலோ கார் டிக்கியிலோ போட்டு வைக்காதீர்கள். ஒரு முறை பயன்படுத்தும் பொருளை வெந்நீரில் கொதிக்க வைத்துத் திரும்பப் போடவே கூடாது. கிருமியும் முழுதாகப் போகாது, பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகும்.

படி 10: மருத்துவமனையை மாற்ற வைப்பது

பிரான்ஸ் சட்டமே போட்டது. அங்கே குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பிரசவப் பிரிவுகளில் டி.இ.எச்.பி. உள்ள டியூப்களுக்கு 2015 ஜூலை 1 முதல் தடை. கலிஃபோர்னியா 2024-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஐ.வி. பைகளில் 2030 முதலும் டியூப்களில் 2035 முதலும் டி.இ.எச்.பி. சேர்க்கக் கூடாது. நம் வார்டில் எது வருகிறது என்பதைத் தீர்மானிப்பது கொள்முதல் பட்டியல். அதில் "டி.இ.எச்.பி. ஃப்ரீ" என்று எழுதாதவரை விலை குறைந்ததுதான் வரும்.

நான் ஒரு மருத்துவமனையில் முதன்முதலாகக் கேட்டபோது ஸ்டோர்ஸில், "எல்லாம் ஒண்ணுதான் சிஸ்டர், இதுவரைக்கும் யாருக்கு என்ன ஆச்சு?" என்று திருப்பி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிக் கேட்டது என் தப்பு. பட்ஜெட்டைக் காட்டி மறுப்பதற்கு அது வசதியாகிவிட்டது. அடுத்த முறை லிப்பிட் லைன் ஒன்றை மட்டும் எழுதிக் கேட்டேன். மாதம் எத்தனை தேவை, விலை வித்தியாசம் எவ்வளவு, எந்த எடைக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு என்று ஒரே பக்கம். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் வந்தது. அதன் பிறகு ஃபீடிங் டியூப்.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். லிப்பிட் லைன், குழந்தைகளுக்கான ஃபீடிங் டியூப், கீமோ செட், இந்த வரிசையில் போனால் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கசிவு அதிகம் குறையும். சலைன் செட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, இரண்டு வகை லைனும் ஒரே அலமாரியில் இருந்தால் ராத்திரி டியூட்டியில் கைக்குக் கிடைத்ததைத்தான் எடுப்போம். எங்கள் வார்டில் முதல் மாதம் புது லைன்களில் பாதி சலைனுக்கே போய்விட்டது. அப்புறம் ஸ்டோர்ஸ் அண்ணாவே தனியாக ஒரு நீலப் பெட்டி கொண்டுவந்து வைத்து, கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதினார்: "லிப்பிட்டுக்கு மட்டும்."